ஊரடங்குக் காலத்தில் வங்கிக் கணக்குக்குள் நுழைந்த ரம்மி

2020 ஊரடங்கு தொடங்கியதிலிருந்து இரண்டாம் அலை ஓயும் வரை, திருப்பூரில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையின் கடன் பிரிவில் வேலை பார்த்தேன். கொரோனா வங்கித் தொழிலை என்ன செய்தது, சூதாட்டத் தொழிலை என்ன செய்தது என்று தனித்தனியே நிறைய எழுதிவிட்டார்கள். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே கணக்கில் வந்து சந்தித்ததை நாங்கள் கிளையில் இருந்தபடி பார்த்தோம். மனைவிக்கும் பெற்றோருக்கும் தெரிய வருவதற்கு வெகு முன்பே சூதாட்டம் வங்கிக் கணக்கில் தெரிந்துவிடுகிறது. எங்கே பார்க்க வேண்டும், எப்படிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் சில குடும்பங்களாவது முன்கூட்டியே விழித்துக்கொள்ளும் என்பதால் இதை எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. பனியன் கம்பெனிகள் அதற்கு முன்பே தடுமாறத் தொடங்கியிருந்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடைகள் மூடப்பட்டதால் ஆர்டர்களை நிறுத்தி வைக்கும்படி அங்கிருந்து தகவல் வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி ஓடுகிற ஊர் இது. இரண்டு சனிக்கிழமை கூலி வரவில்லை என்றால் மூன்றாவது வாரம் நகை அடகுக்கு வந்துவிடும். ஊரே அடங்கினாலும் வங்கிக்கு விடுமுறை இல்லை. காலை 10 மணி முதல் மதியம் 2 மணி வரை, பாதி ஊழியர்களோடு கிளையைத் திறந்து வைத்தோம்.

ஏப்ரல் முதல் வாரத்தில் ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மத்திய அரசு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதங்களுக்குத் தருவதாக அறிவித்த தொகையின் முதல் தவணை வந்தது. கூட்டத்தைத் தவிர்ப்பதற்காகக் கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி நாள் பிரித்திருந்தார்கள். 0, 1-இல் முடிகிற கணக்குகளுக்கு ஏப்ரல் 3, 2, 3-இல் முடிகிறவற்றுக்கு ஏப்ரல் 4 என்று ஏப்ரல் 9 வரை அட்டவணை. வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வைத்தோம். ஆனால் உடனே எடுக்காவிட்டால் அரசாங்கம் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்ற வதந்தி எங்களுக்கு முன்பே ஊருக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அவரவர் நாளுக்குக் காத்திருக்க யாரும் தயாராக இல்லை. ஒரு பாட்டி என் மேசை வரை வந்து, "அம்மணி, இன்றைக்கு எடுக்காவிட்டால் போய்விடுமாமே?" என்று கேட்டார். போகாது, எப்போது வந்தாலும் இருக்கும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. வெயிலில் நின்று வாங்கிக்கொண்டுதான் போனார். பணத்தைப் பற்றிய வதந்தி எவ்வளவு வேகமாகப் பரவும், எங்கள் விளக்கம் எவ்வளவு மெதுவாகப் போகும் என்பதை அந்த வாரத்தில் கண்டோம். அடுத்து வந்த தவணை ஒத்திவைப்பிலும் இதே கதைதான்.

மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை) 5.15 சதவீதத்திலிருந்து 4.40 சதவீதமாகக் குறைத்தது. மார்ச் 1 முதல் மே 31 வரையிலான கடன் தவணைகளை ஒத்திவைக்க வங்கிகளுக்கு அனுமதி கொடுத்தது. மே 22 அன்று ரெப்போவை 4 சதவீதமாக்கி, ஒத்திவைப்பை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. மக்கள் காதில் இது "மூன்று மாதம் கட்ட வேண்டாம்" என்று விழுந்தது. அந்த மூன்று மாத வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போகும் என்பது விழவில்லை. பாரத ஸ்டேட் வங்கி அப்போது ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டது. 30 லட்சம் ரூபாய் வீட்டுக் கடனில் இன்னும் 15 ஆண்டு பாக்கி இருப்பவர் மூன்று மாதம் நிறுத்தினால், கூடுதலாகக் கட்ட வேண்டிய வட்டி சுமார் 2.34 லட்சம் ரூபாய், அதாவது எட்டுத் தவணைகளுக்குச் சமம். அந்தக் கணக்கை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். அதைப் படித்துவிட்டுத் தவணையைத் தொடர்ந்து கட்டுவதாகச் சொன்னவர்கள் பெரும்பாலும் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும்தான். கூலி நின்றுபோனவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவர்களை ஒத்திவைக்கச் சொல்லி நானே படிவம் நிரப்பிக் கொடுத்தேன், அது சரியான முடிவும்கூட.

இடையில் ஒரு வகையினர் இருந்தார்கள். சம்பளம் பாதியாவது வந்துகொண்டிருந்தது. தவணையை ஒத்திவைத்துவிட்டார்கள். பஸ் செலவு இல்லை, கல்யாணம் காட்சி இல்லை, திருவிழா இல்லை. ஆகவே பல ஆண்டுகளாக மாதக் கடைசியில் காலியாகிவிடும் கணக்கில் முதல் முறையாக எட்டாயிரம், பத்தாயிரம் தங்கியது. வேலையும் இல்லை, வெளியே போகவும் முடியாது, கையில் கைப்பேசி. சூதாட்டக் கம்பெனிகளுக்கு இதைவிடச் சிறந்த வாடிக்கையாளர் உலகத்தில் கிடையாது.

சூதாட்டத் தொழிலில் பாதி அப்போது படுத்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். ஆள் போய் உட்கார்ந்து ஆடுகிற இடம் எல்லாம் மூடப்பட்டது. சீனாவின் மக்காவ் பகுதியில் 2020 பிப்ரவரியில் காசினோக்கள் 15 நாட்கள் மூடப்பட்டன. திறந்த பிறகும் எல்லைகள் அடைபட்டிருந்ததால் ஆட்கள் வரவில்லை. 2019-இல் சுமார் 29,200 கோடி பட்டாக்காவாக (அந்த ஊர் நாணயம்) இருந்த அவற்றின் வருவாய் 2020-இல் சுமார் 6,000 கோடியாகச் சரிந்தது. லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் காசினோக்கள் 78 நாட்கள் அடைத்துக் கிடந்து ஜூன் 4 அன்று திறந்தன. கிண்டியில் குதிரைப் பந்தயம் நின்றது. பக்கத்தில் கேரளத்தில் அரசு லாட்டரிக் குலுக்கலும் நின்றது. தெருத்தெருவாகச் சீட்டு விற்றுப் பிழைத்த மாற்றுத்திறனாளிகளும் முதியவர்களும் அதோடு வருமானம் இழந்தார்கள்.

மறுபாதி கைப்பேசிக்குள் பெருத்தது. ரம்மி, போக்கர், கிரிக்கெட் அணி கட்டும் ஆட்டம் என்று தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் விளம்பரம் இல்லாத இடைவேளை இல்லை. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் அழைத்தார்கள். அந்த ஆண்டு ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஐ.பி.எல். போட்டிக்குத் தலைப்பு விளம்பரதாரராக 222 கோடி ரூபாய் கொடுத்து வந்தது ட்ரீம் லெவன் என்ற இணைய விளையாட்டு நிறுவனம். பந்தயத் திடலுக்குப் போகிற மனிதனை வழியில் நாலு பேர் பார்ப்பார்கள், மனமகிழ் மன்றத்தில் சீட்டாடினால் இரவு மணி ஆகிவிட்டது என்று கதவை அடைப்பார்கள். கைப்பேசியில் இந்தத் தடை ஒன்றுகூட இல்லை. சீட்டு கலைத்துப் போடுகிறவரும் இல்லை, எழுந்து போ என்று சொல்கிறவரும் இல்லை. பெருந்தொற்று சூதாட்டத்துக்குச் செய்த மிகப் பெரிய உதவி இந்தத் தனிமைதான் என்று நினைக்கிறேன்.

பணம் கட்டும் வழியை எங்கள் தொழில் திறந்து கொடுத்தது. கிளைக்கு வர வேண்டாம், நோட்டைத் தொட வேண்டாம், யு.பி.ஐ. பயன்படுத்துங்கள் என்று நாங்களே வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். ஊரடங்கின் முதல் மாதமான ஏப்ரல் 2020-இல் நாடு முழுவதும் யு.பி.ஐ. பரிவர்த்தனைகள் 100 கோடிக்கும் கீழே இறங்கின. அக்டோபரில் அதே எண்ணிக்கை 200 கோடியைத் தாண்டிவிட்டது. தொற்று நேரத்தில் அது தேவையான வசதி, பல குடும்பங்களைக் காத்த வசதி. காய்கறிக்காரருக்கு 40 ரூபாய் அனுப்பிய அதே விரலால் ஆட்டத்துக்கும் 40 ரூபாய் அனுப்ப முடிந்தது என்பதும் உண்மை.

2020 செப்டம்பரில் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். கணவர் ஒரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஜூனில் ஆலைகள் படிப்படியாகத் திறந்து, முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் தைக்கும் ஆர்டர்கள் ஊருக்கு வந்ததால் அவருக்கு வேலை ஓடிக்கொண்டிருந்தது. சம்பளம் எங்கள் கிளைக் கணக்கில்தான் வரவாகிறது. ஆனால் வீட்டு வாடகை மூன்று மாதம் பாக்கி. கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். கணக்கு கணவர் பெயரில் மட்டும் இருந்தது. மனைவியே ஆனாலும், கணக்கில் பெயர் இல்லாதவருக்கு இருப்பைச் சொல்ல எங்களுக்கு அனுமதி கிடையாது. அதைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. "மேடம், அவர் குடிக்க மாட்டார். பிறகு பணம் எங்கேதான் போகிறது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

குடித்தால் வாடை வரும், நடை மாறும், வீட்டுக்குத் தெரியும். இதற்கு அப்படி ஒரு அடையாளமும் இல்லை. படுக்கையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கைப்பேசி பார்க்கிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்?

கணவரையும் அழைத்து வரச் சொன்னேன். அடுத்த வாரம் வந்தார்கள். கடன் கேட்டு வந்தால் கணக்கு விவரம் பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. கணவர் தன் தனிநபர் கடனை நீட்டித்துக் கேட்டார். அவரிடமே ஒப்புதல் கையெழுத்து வாங்கி, ஆறு மாதக் கணக்கு விவரத்தை அச்சிட்டேன். வழக்கமாக ஐந்தாறு பக்கம் வரும். அச்சுப்பொறி நிற்காமல் ஓடியது. ஒரே நாளில் முப்பது, நாற்பது பற்று வரிகள், அதாவது கணக்கிலிருந்து பணம் வெளியே போன பதிவுகள். 200, 200, 500, பிறகு 1,150 வரவு, பிறகு 500, 1,000, 1,000, 2,000. சம்பளம் விழுகிற சனிக்கிழமை இரவும் ஞாயிறும்தான் மிக அடர்த்தி. புதன்கிழமைக்கெல்லாம் இருப்பு நூறு ரூபாய்க்குக் கீழே. அவர் தாளைப் பார்க்கவில்லை. மனைவி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். வரவு வரிகளில் விரல் நின்றபோது, "ஜெயித்த பணம்தானே, இது எங்கே?" என்று கணவரிடம் கேட்டார். அடுத்த வரியில் அது திரும்பப் போயிருந்தது.

இப்படிப்பட்ட கணக்கு விவரங்களைப் பிறகு நிறையப் பார்த்துவிட்டேன். எல்லாவற்றிலும் ஒரே வடிவம். ஆட்டத்தின் பெயர் அதில் இருக்காது. பணம் வசூலித்துக் கொடுக்கும் இடைநிலை நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும், அதே நிறுவனம் மின்கட்டணமும் வசூலிக்கும், துணிக்கடைக்கும் வசூலிக்கும். ஆகையால் பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். முழு எண்களாக, சிறிய தொகையில் தொடங்கி ஏறிக்கொண்டே போகும் பற்றுகளைப் பாருங்கள். நடுவில் ஒன்றிரண்டு வரவும், அது வந்த சில நிமிடங்களில் அதைவிடப் பெரிய பற்றும் இருக்கும். பாஸ்புக்கில் தேதி மட்டுமே அச்சாகும், நேரம் வராது. யு.பி.ஐ. செயலிக்குள் இருக்கும் பரிவர்த்தனை வரலாற்றில் நேரம் இருக்கும். நள்ளிரவு 12 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையே பத்து முறை பணம் போயிருந்தால் அது மளிகைக் கடைக்குப் போன பணம் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட செயலிகளில் இருந்து ஒரே கணக்கு இயங்கலாம் என்பதால் ஒரு செயலியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். கணக்கு விவரமே முழுமையானது.

கணவரைத் திட்டுவதால் பயன் இல்லை என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். அவரும் திட்டவில்லை. என்ன செய்யலாம் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். அங்கே நாங்கள் செய்த ஏற்பாட்டைப் பிறகு பலருக்கும் சொல்லியிருக்கிறேன். கூட்டுக் கணக்கில் இரண்டு வகை உண்டு. "இருவரில் ஒருவர்" இயக்கலாம் என்பது ஒன்று, "இருவரும் சேர்ந்தே" இயக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் பொதுவாக ஏ.டி.எம். அட்டையும் யு.பி.ஐ.யும் கிடைக்காது. பணம் எடுக்க இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். வழக்கமாக இதை வசதிக் குறைவு என்பார்கள், இந்த நிலைமையில் இதுதான் பாதுகாப்பு. சம்பளத்தை அந்தக் கணக்கில் வரவு வைக்கும்படி கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். பழைய கணக்கு அவரிடமே இருந்தது, வாரம் ஒரு சிறு தொகை கைச்செலவுக்கு அதற்குப் போகும். வாடகையை நிலையான உத்தரவாக்கி வீட்டு உரிமையாளர் கணக்குக்கு மாதம் பிறந்ததும் போகும்படி செய்தோம். ஒப்புக்கொண்டு இதைச் செய்ய அவர் முன்வந்தது பெரிய விஷயம். வற்புறுத்திச் செய்தால் புதிதாக இன்னொரு வங்கியில் கணக்கு தொடங்குவதற்குப் பத்து நிமிடம் போதும்.

அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒரு தகவல். டெபிட், கிரெடிட் அட்டைகளின் இணையப் பயன்பாட்டை வாடிக்கையாளரே நிறுத்தவும் திறக்கவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் உத்தரவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. வங்கிச் செயலியில் அட்டைப் பகுதிக்குள் போனால் இணையப் பயன்பாட்டை அணைத்துவிடலாம், தினசரி வரம்பைக் குறைக்கலாம். பல வங்கிச் செயலிகளில் யு.பி.ஐ. வரம்பையும் குறைக்க முடிகிறது. ஆடுகிற கை துடிக்கும்போது ஐந்து நிமிடத் தாமதம்கூட உதவும்.

அவருடைய தனிநபர் கடன் விஷயத்துக்கு வருகிறேன். 2020 ஆகஸ்ட் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு முறை மட்டும் கடனைச் சீரமைத்துக்கொள்ளும் திட்டத்தை அறிவித்தது. மார்ச் 1 அன்று 30 நாட்களுக்கு மேல் நிலுவை இல்லாத கணக்காக இருந்தால், கொரோனாவால் வருமானம் பாதித்தவருக்குத் தவணைக் காலத்தை இரண்டு ஆண்டு வரை நீட்டிக்கலாம். அவர் கணக்கு அதற்குத் தகுதி பெற்றது. ஒத்திவைப்பைவிட இது நல்லது, ஏனென்றால் தவணை சிறிதாகி மாதாமாதம் கட்டும் பழக்கம் திரும்பியது. ஒத்திவைத்த மாதங்களின் "வட்டிக்கு வட்டி" தள்ளுபடி என்று பெரிதாகப் பேசப்பட்ட தொகை 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு நவம்பரில் வரவானது. உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23 தீர்ப்பில் அதை எல்லாக் கடன்களுக்கும் விரிவுபடுத்தியது. சிறு கடன்காரர்களுக்கு அது சில நூறு ரூபாய்தான். வட்டி முழுவதும் தள்ளுபடி என்று நினைத்து ஏமாந்து வந்தவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை.

ஆகஸ்ட் 6 அறிவிப்பில் இன்னொரு வாசலும் திறந்தது. நகைக் கடனில் நகை மதிப்பில் 75 சதவீதம் வரைதான் கொடுக்கலாம் என்றிருந்ததை 2021 மார்ச் 31 வரை 90 சதவீதமாக்கினார்கள். அதே நேரம் தங்கம் சவரன் 40 ஆயிரத்தைத் தாண்டி நின்றது. சிறு கடைக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் இது உயிர் கொடுத்தது. முன்பு வைத்த நகையையே வட்டி கட்டி மாற்றி வைத்து, கூடுதல் தொகை வாங்கிக்கொண்டு போனார்கள். ஆடுகிறவர்கள் வீட்டிலும் அந்தக் கூடுதல் தொகை வந்தது. ஒரே தாலிக்கொடியை மூன்று முறை மாற்றி வைத்த கணக்கைப் பார்த்திருக்கிறேன். 2021 மார்ச்சில் தங்கம் இறங்கியபோது 90 சதவீதத்துக்கு வாங்கியவர்களுக்கு நகை மதிப்பு கடனுக்குப் போதாமல் போனது. வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்லிக் கடிதம் அனுப்ப வேண்டி வந்தது. விலை உச்சத்தில் இருக்கும்போது மதிப்பின் கடைசி ரூபாய் வரை கடன் வாங்காதீர்கள் என்று இன்றைக்கும் நகைக் கடன் கேட்டு வருகிறவர்களிடம் சொல்கிறேன். எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு தேவை என்று எழுதிக்கொண்டு வாருங்கள்.

வங்கியில் கதவு அடைந்த பிறகுதான் கொடுமையான கட்டம் வருகிறது. 2020-இன் பிற்பாதியில் கைப்பேசிக் கடன் செயலிகள் புற்றீசல்கள் போலக் கிளம்பின. ஆதாரும் ஒரு செல்ஃபியும் போதும், ஐந்து நிமிடத்தில் பணம். 5,000 கேட்டால் கட்டணம் என்று பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதி வரும். ஒரு வாரத்தில் முழு 5,000-மும் வட்டியும் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் கைப்பேசியில் இருக்கும் எல்லா எண்களுக்கும் அவதூறு, உருமாற்றிய படங்கள். ரம்மியில் விட்டதைப் பிடிக்க ஒரு செயலி, அந்தச் செயலிக்குக் கட்ட இன்னொரு செயலி. கணக்கு விவரத்தில் முகம் தெரியாத பெயர்களில் இருந்து 2,800, 3,250 என்று ஒழுங்கற்ற எண்களில் வரவுகள் தென்பட்டால் அது பெரும்பாலும் இந்தக் கடன்தான். டிசம்பர் 23 அன்று ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. 2022 செப்டம்பரில் விதிகள் வந்தன. பதிவு பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ கடனை நேரடியாகக் கடன் வாங்குபவர் கணக்கில்தான் செலுத்த வேண்டும், மொத்தச் செலவையும் முன்பே தாளில் காட்ட வேண்டும், செயலி உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது. எந்தச் செயலியாவது தொடர்பு எண்களுக்கு அனுமதி கேட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள். மிரட்டல் வந்தால் பணம் கட்டி வாயை மூட முயலாதீர்கள், கட்டக் கட்டத்தான் கேட்பார்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இந்த ஊரில் உயிர்கள் போயின. தமிழ்நாடு முழுவதும் போயின. ஆகவே மனம் உடைந்தவர்கள் அழைத்துப் பேச வேண்டிய உதவி எண்களையும் எழுதிவைக்கிறேன்: 104, 14416. இரண்டும் இரவிலும் எடுப்பார்கள். கடன் எவ்வளவாக இருந்தாலும் வங்கியில் பேசித் தீர்க்க வழி இருக்கிறது. தவணை நீட்டிக்கலாம், சமரசம் பேசலாம், வசூலுக்கு வருகிறவர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. பத்து வருடம் கட்டலாம். மனிதர் இருந்தால்தான் எதுவும்.

அரசு என்ன செய்தது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. ரம்மி திறமை விளையாட்டு என்ற உச்ச நீதிமன்றத்தின் 1968 தீர்ப்பு இணைய ரம்மிக்கும் கேடயமாக இருந்தது. 2020 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிபதி ஒருவர், நேரில் சீட்டாடிய ஒரு வழக்கை விசாரிக்கும்போது, இணைய ரம்மியை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று எழுதினார். நவம்பரில் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து தடை செய்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, 2022-இல் மீண்டும் அவசரச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பியது, 2023 ஏப்ரலில் சட்டம், நவம்பரில் ரம்மிக்கும் போக்கருக்குமான தடை மட்டும் நீக்கம். 2025-இல் நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5 வரை ஆடத் தடையும் ஆதார் சரிபார்ப்பும் வந்தன. அந்த நேரத் தடையைப் பார்த்தபோது, விதி எழுதியவர்களும் கணக்கு விவரங்களைப் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். அந்த ஆட்டங்களுக்கான பணப் பரிவர்த்தனையை வங்கிகள் செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது.

இந்தக் கடைசி வரி ஐந்து ஆண்டு தாமதம் என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டனில் கிரெடிட் அட்டையால் சூதாடுவதை 2020 ஏப்ரல் 14 முதலே, ஊரடங்கின் நடுவிலேயே, தடுத்துவிட்டார்கள். அங்கே பல வங்கிச் செயலிகளில் சூதாட்டப் பணத்தை நிறுத்தும் ஒரு பொத்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் அதை அழுத்திவிட்டால் மீண்டும் திறக்க இரண்டு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் ஆசை தணிந்துவிடுகிறது. நம் வங்கிகள் பெருந்தொற்றில் எத்தனையோ புதிய வசதிகளைச் சில வாரங்களில் கொண்டுவந்தன. இதையும் கொண்டுவந்திருக்க முடியும். வாராக்கடன் பெருகும் என்று மட்டும்தான் எல்லோரும் பயந்தார்கள். ரிசர்வ் வங்கியே 2020 ஜூலையில், 8.5 சதவீதமாக இருந்த மொத்த வாராக்கடன் அடுத்த மார்ச்சில் 12.5 சதவீதமாகலாம் என்று கணித்தது. உண்மையில் அது சுமார் 7.5 சதவீதமாகக் குறைந்தது. வங்கிகள் தப்பித்தன. அந்த 7.5 என்ற எண்ணைப் பார்த்தால், நகையை விற்றும் மாமனாரிடம் வாங்கியும் தவணை கட்டி, எங்கள் கணக்கில் "நல்ல கடன்" என்று பெயர் வாங்கிய குடும்பங்களின் நிலைமை தெரியாது.

தடை வந்த பிறகு பெரிய நிறுவனங்கள் பணம் கட்டும் ஆட்டங்களை நிறுத்திவிட்டன. வெளிநாட்டுத் தளங்கள் நிற்கவில்லை. அவர்களுக்கு இங்கே முறையாகப் பணம் வாங்க முடியாததால் யாரோ ஒரு தனிநபரின் கணக்கைக் காட்டி அதற்கு அனுப்பச் சொல்கிறார்கள். அந்தத் தனிநபர் பெரும்பாலும் கல்லூரி மாணவர் அல்லது வேலை தேடும் இளைஞர். கணக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் சிம்மையும் கொடுத்தால் மாதம் சில ஆயிரம் தருவதாக ஆசை காட்டி வாங்கியிருப்பார்கள். வேறு மாநிலத்தில் யாராவது புகார் கொடுத்ததும் அந்தக் கணக்கு முடக்கப்படுகிறது. வழக்கு கணக்குக்காரர் மேல் வருகிறது, கணக்கை வாங்கிக்கொண்டு போனவர் மேல் வருவதில்லை. அப்படி முடங்கிய கணக்கோடு யாராவது வந்தால் நாங்கள் முதலில் செய்வது, எந்தக் காவல் நிலையம் எந்தப் புகார் எண்ணில் முடக்கச் சொன்னது என்ற விவரத்தைக் கிளையில் எழுத்தில் கொடுப்பது. அதை வைத்துத்தான் அந்தக் காவல் நிலையத்துக்கு விளக்கமும் ஆதாரமும் அனுப்ப முடியும். பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்ததும் கணக்கு தொடங்க அழைத்து வருகிற பெற்றோர் அந்த மேசையிலேயே இதைச் சொல்லிவிடுங்கள். படிவத்தில் கையெழுத்து வாங்கும்போது நானும் சொல்கிறேன்.